குரலின் இடத்தில் கிட்டார்: ராட்டாட்டாட்டின் ஐந்து ஆல்பங்கள்

பாடகர் இல்லாத ராக் இசையை மதிப்பிட வருகிறவர் முதலில் கேட்க வேண்டியது, குரல் இருந்திருக்க வேண்டிய இடத்தை அங்கே எது நிரப்புகிறது என்பதைத்தான். 2000-களின் தொடக்கத்தில் இதற்குப் பெரும்பாலோர் வைத்திருந்த விடை நீளம். மொக்வை, எக்ஸ்ப்ளோஷன்ஸ் இன் தி ஸ்கை போன்ற குழுக்கள் மெல்லத் தொடங்கி, நிமிடக்கணக்கில் ஏறி, உச்சியில் வெடித்து அடங்கின. நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து வந்த ராட்டாட்டாட் அந்தப் பக்கமே போகவில்லை. கிட்டார் வாசிக்கும் மைக் ஸ்ட்ரவுட், சிந்தசைசர், பேஸ், தாளம், ஒலித் தயாரிப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இவான் மாஸ்ட் ஆகிய இருவரும் பெரும்பாலும் மூன்று, நான்கு நிமிடங்களில் முடிந்துவிடும் உருப்படிகளையே செய்தார்கள். பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் கிட்டாரை நிறுத்தினார்கள். அவர்களுடைய பலம் முழுவதும் இந்த ஒரு முடிவிலிருந்து வந்தது. பலவீனத்தின் வேரும் அதிலேயே இருக்கிறது.

2004-இல் எக்ஸ்எல் ரெகார்டிங்ஸ் வெளியிட்ட முதல் ஆல்பம் மாஸ்டின் புரூக்ளின் வீட்டில், கணினியில் பதிவானது. அதில் கேட்கும் கிட்டார் ஒலி இன்றும் முதல் இரண்டு நொடியிலேயே அடையாளம் தெரிகிறது. ஒரே மெட்டு இரண்டு மூன்று அடுக்குகளாகப் பதிவாகி, ஒன்றுக்கொன்று மூன்றாம் சுர இடைவெளியில் இணையாக நகர்கிறது. தந்தியை மீட்டும் அந்த முதல் அடி மழுங்கி, நீட்சி மட்டும் மிஞ்சுவதால் அது பாதி கிட்டார், பாதி சிந்தசைசர். இரட்டைக் கிட்டார் இணைகோட்டைத் தின் லிசி குழு முன்பே செய்துவிட்டது. கிட்டாரை அடுக்கி வாத்தியக்குழு ஆக்குவதைக் குவீன் குழுவின் பிரையன் மே செய்துவிட்டார். இரண்டையும் நடன இசைக்குள் கொண்டுவரலாம் என்று டாஃப்ட் பங்க் 2001-இல் காட்டியும் ஆயிற்று. ராட்டாட்டாட் புதிதாகச் சேர்த்தது அடித்தளத்தை. கீழே ஓடுவது ராக் டிரம்ஸும் அல்ல, நடன அரங்கின் நான்கடித் தாளமும் அல்ல, ஹிப்-ஹாப் பீட். முதல் உருப்படியான ‘செவன்டீன் இயர்ஸ்’ ஒரு ராப்பரின் பேச்சோடு தொடங்குவது வெறும் அலங்காரம் இல்லை. கடன் எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் வாசலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

இந்த ஆல்பத்தின் தொனி முழுமையானது, கட்டமைப்பு அப்படியல்ல. தாளம் மெலிந்து ஒலிக்கிறது. உரத்த பகுதிக்கும் அடங்கிய பகுதிக்கும் போதிய வேறுபாடு இல்லாததால் நடுப்பகுதியில் ஒரு உருப்படி முடிந்து அடுத்தது தொடங்கியதே காதில் பதிவதில்லை. ‘ஜெர்மனி டு ஜெர்மனி’, இறுதியில் வரும் ‘செர்ரி’ ஆகிய நிதானமான உருப்படிகள்தாம் இருவருக்கும் அடக்கி வாசிக்கவும் தெரியும் என்பதற்குச் சாட்சி.

கட்டமைப்புச் சிக்கலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த நான்கு ஆல்பங்களும் அதோடுதான் மல்லுக்கட்டுகின்றன. ஹிப்-ஹாப்பின் சுழலும் தாளத்துண்டு, மேலே ஒரு குரல் வரப்போகிறது என்ற நம்பிக்கையில் செய்யப்படுவது. சொற்கள் மாறிக்கொண்டே போவதால்தான் கீழே மாறாமல் இருப்பது அழகாகிறது. அந்தக் குரலின் இடத்தில் கிட்டார் வந்து ஒரே மெட்டை நான்கு முறை சொன்னால், மேலேயும் மாற்றம் இல்லை, கீழேயும் இல்லை. நம் கச்சேரிகளில் ஒரே அடியைத் திரும்பப் பாடும்போது சங்கதி மாறும். ஒவ்வொரு முறையும் அந்த அடி கொஞ்சம் வளர்ந்து திரும்பும். ராட்டாட்டாட்டிடம் மெட்டு வளர்வதில்லை. அடுக்குதான் கூடும், குறையும். இரண்டாம் முறை கீழே ஒரு பேஸ், மூன்றாம் முறை மேலே இன்னொரு கிட்டார், நான்காம் முறை எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கைத்தட்டல் மட்டும். இது ஒலிக்கலவை செய்பவரின் உத்தி. இசையமைப்பாளரின் வளர்ச்சிமுறை என்று அதைச் சொல்ல முடியாது. உத்தியை மிகத் தேர்ந்த கையோடு செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இதற்கான சான்றை அவர்களே தந்திருக்கிறார்கள். 2004-இலும் 2007-இலும் வந்த இரண்டு ரீமிக்ஸ் தொகுப்புகளில் ஜே-ஸி, நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. போன்ற ராப்பர்களின் குரலை எடுத்துத் தம் இசை மேல் ஏற்றினார்கள். அங்கே தாளத்துண்டு தேடிய துணை கிடைத்துவிடுகிறது. கிட்டார் பின்வாங்கி, குரல் மூச்சு விடும் இடைவெளிகளில் மட்டும் பதில் சொல்கிறது. அந்தத் தொகுப்புகளை அவர்களுடைய ஓய்வுநேர வேலை என்று ஒதுக்கும் வழக்கம் உண்டு. அது தவறு. குரல் இல்லாத ஆல்பங்களில் எது குறைகிறது என்பதைத் துல்லியமாக அளக்க அவைதாம் உதவுகின்றன. ராப்பர் கிட் கடியின் 2009 ஆல்பத்தில் இவர்களுடைய பங்களிப்பு அத்தனை இயல்பாகப் பொருந்தியதற்கும் இதுவே காரணம்.

2006-இல் வந்த ‘கிளாசிக்ஸ்’ இந்தக் குறையை அறிந்து செய்த ஆல்பம். ‘வைல்ட்கேட்’டை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தாளம், அமுக்கி மீட்டிய கிட்டார், இவ்வளவுதான் முதலில். பிறகு ஒரு காட்டுப்பூனையின் உறுமல் வருகிறது. வேடிக்கைக்காக ஒட்டியதாக இல்லாமல், தாளத்தின் ஓர் அடியாகவே அது அமர்கிறது. உறுமலுக்கு இடம் விட வேண்டியிருப்பதால் கிட்டார் மெட்டு சுருங்கித் தெளிவாகிறது. இங்கே கிட்டார் ஓயாமல் பேசவில்லை. கேள்விக்குப் பதில் சொல்கிறது. முதல் ஆல்பத்தில் இல்லாத உரையாடல் இங்கே பிறந்துவிட்டது. ‘லெக்ஸ்’ உருப்படியில் இணைகோட்டு மெட்டு தன் முழு கம்பீரத்தை அடைகிறது. முதலில் வரும் ‘மான்டனீட்டா’வில் வழுக்கிச் செல்லும் கிட்டார் ஒலி ஆல்பத்தை நிதானமாகத் திறந்து வைக்கிறது. பத்து உருப்படிகளுக்குள்ளும் இரண்டு மூன்று தம் இடத்தைச் சம்பாதிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வரிசை யோசித்து அமைக்கப்பட்டிருப்பதால் அந்தத் தொய்வு ஆல்பத்தைச் சாய்க்கவில்லை. தொனி, மெட்டு, வரிசை மூன்றும் ஒரே அளவில் நிற்கும் ஆல்பம் இவர்களிடம் இது ஒன்றுதான்.

அதையே திரும்பச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2008-இன் ‘எல்பி3’க்காக அவர்கள் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில்லில் உள்ள ஒரு ஸ்டூடியோவுக்குப் போனார்கள், அங்கிருந்த பழைய விசைக் கருவிகளில் கை வைத்தார்கள். ஹார்ப்சிகார்ட், மெல்லோட்ரான், பியானோ எல்லாம் உள்ளே வந்தன. கிட்டார் முதல்முறையாகப் பலவற்றில் ஒன்றாக நின்றது. ‘ஃபால்கன் ஜாப்’பில் கிட்டார் கிட்டத்தட்ட வாய் அசைத்துப் பேசுகிறது. ‘மி வியேஹோ’வில் தாள வாத்தியங்கள் முன்னுக்கு வருகின்றன. ‘ஷெம்பி’ நடன அரங்குக்கு இதுவரை இல்லாத அளவு நெருங்கிப் போகிறது. நாதவளத்தில் ஐந்து ஆல்பங்களிலும் இதுவே முதலிடம் பெறும். ஆயினும் நிறம் கூடியபோது மெட்டு மெலிந்தது. ‘மும்தாஜ் கான்’ போன்ற உருப்படிகள் ஒரு நாட்டின் வாசனையைத் தொட்டுவிட்டு, அந்த இசை எப்படி நகர்கிறது என்று கேட்காமலே முடிகின்றன. சில உருப்படிகள் ஒரு கருவியைக் கண்டெடுத்த மகிழ்ச்சியோடு நின்றுவிடுகின்றன. துணிவில் உயர்ந்த ஆல்பம்; முடிவு காண்பதில் பொறுமை குறைந்தது.

2010-இன் ‘எல்பி4’ பெருமளவு அதே ஸ்டூடியோக் காலத்தில் விளைந்தது, அது காதுக்கும் தெரிகிறது. தந்தி வாத்தியங்கள் கூடியிருக்கின்றன. ‘டிரக்ஸ்’ பழைய ஆற்றலோடு வருகிறது. ‘நெக்பிரேஸ்’ வாயால் போடும் தாளத்தை வைத்துக் கூர்மையாக ஏதோ தேடுகிறது. மீதியில் பெரும்பகுதி நன்றாகச் செய்யப்பட்ட மிச்சம். இதன் மேல் அதிகம் நிற்கத் தேவையில்லை.

ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2015-இல் வந்த ‘மக்னிஃபீக்’ மீது இரண்டு எதிரெதிர்த் தீர்ப்புகள் உண்டு. ஒன்று, பழைய இடத்துக்கே திரும்பிவிட்டார்கள் என்பது. மற்றது, தம் இடத்துக்குத் திரும்பினார்கள் என்பது. இரண்டிலும் பாதி நியாயம் இருக்கிறது. ‘கிரீம் ஆன் குரோம்’, ‘அப்ரேசிவ்’ இரண்டும் இருவரின் கைத்திறனும் எவ்வளவு முதிர்ந்துவிட்டது என்பதைக் காட்டுகின்றன. முதல் ஆல்பத்தின் மெலிந்த தாளம் இங்கே இறுகி, ஒவ்வொரு அடுக்கும் தனியாகக் கேட்கிறது. ஆனால் இவை எதையும் புதிதாக முயலவில்லை. 2006-இல் கிடைத்த விடையைச் சுத்தமான கையெழுத்தில் மீண்டும் எழுதுகின்றன. ஹார்ப்சிகார்டும் மெல்லோட்ரானும் ஏன் கைவிடப்பட்டன என்பதற்கு ஆல்பத்துக்குள் காரணம் எதுவும் இல்லை. ‘எல்பி3’ திறந்த கதவு அடைக்கப்பட்டுவிட்டது என்பதே என் பெரிய குறை.

அதே ஆல்பத்தின் மெதுவான பகுதி வேறு கதை சொல்கிறது. ‘டிரிஃப்ட்’, ‘சுப்ரீம்’ இரண்டிலும் ஹிப்-ஹாப் தாளம் விலகிக்கொள்கிறது. வழுக்கும் ஸ்டீல் கிட்டார் நீண்ட மூச்சில் பாடுகிறது. தாளத்துண்டு சுழலாததால் மெட்டு தானே நடந்து போக வேண்டியிருக்கிறது, போகவும் செய்கிறது. முதல் ஆல்பத்திலிருந்து தீராமல் கிடந்த சிக்கல் இங்கே, சிறிய அளவில், தீர்கிறது. ஸ்பிரிங்வாட்டர் என்ற கலைஞர் பெயரில் வெளியாகி 1971-இல் பிரிட்டனில் வெற்றிபெற்ற ‘ஐ வில் ரிட்டர்ன்’ என்ற வாத்திய உருப்படியை இவர்கள் மீண்டும் வாசித்திருப்பதையும் இதோடு சேர்த்துத்தான் கேட்க வேண்டும். மற்றவர் மெட்டு ஒன்றை ஆல்பத்தில் எடுத்துக்கொண்டபோது அவர்கள் போனது டாஃப்ட் பங்க் பக்கமோ ராப் பக்கமோ அல்ல. கிட்டாரே பாடகராக இருந்த பழைய வெகுஜன வாத்திய இசையின் பக்கம். தங்கள் வம்சாவளி எது என்பதை ஐந்தாவது ஆல்பத்தில்தான் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னார்கள்.

தொனியில் இவர்கள் முதல் தரம். இருபது ஆண்டுகளில் அந்தக் கிட்டார் ஒலியைப் பலர் எடுத்தாண்டும் யாரும் சொந்தமாக்கிக்கொள்ளவில்லை. வடிவத்தில் இரண்டாம் தரத்துக்கு மேல் ‘கிளாசிக்ஸ்’ ஒரு முறையும், ‘மக்னிஃபீக்’கின் மெதுவான உருப்படிகள் ஒரு முறையும் ஏறியிருக்கின்றன. மாஸ்ட் 2021-இல் ஈவாக்ஸ் என்ற தம் தனிப் பெயரில் ஓர் ஆல்பம் தந்தார். இருவரும் சேர்ந்து மீண்டும் ஒன்று செய்தால், அதை ‘அப்ரேசிவ்’ அருகே வைத்து அளக்கக் கூடாது. ‘டிரிஃப்ட்’ அருகே வைத்துத்தான் அளக்க வேண்டும்.