மூவார் கழிமுகத்தின் புதுக்குடிகள்

ஒரு கடல்பாம்பு இனத்தின் வளர்ச்சி, இனப்பெருக்கம், இரை, சாவு என்று எல்லாவற்றையும் அலசிய மிகச் சிறந்த ஆய்வுகள் எங்கே நடந்தன தெரியுமா? ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளில் இல்லை. நம் ஜொகூரில், மூவார் ஆறு கடலில் கலக்கும் இடத்தில்! நான் இருக்கும் ஸ்கூடாயிலிருந்து வடக்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் இரண்டு மணி நேரப் பயணம்தான். இது தெரிந்த நாளிலிருந்து, டுரியான் கடையில் பக்கத்தில் நிற்பவரிடம்கூட இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

1970களில் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தின் ஹெரால்டு வோரிஸ் இங்கே வந்தார். கழிமுகத்தில் மீனவர்கள் கம்புகளை நட்டு, நீரோட்டத்துக்கு எதிராக வலை கட்டி வைப்பார்கள். மீனோடு பாம்பும் வரும். அவர்களுக்கு அது தொல்லை, வோரிஸுக்கோ புதையல். அதிகம் சிக்கியது வளைந்த மூக்குக் கடல்பாம்பு. தமிழ்நாட்டுக் கரையில் வலைக்கடியன் என்பார்களே, அதுதான். வோரிஸும் அவருடைய குழுவும் பிடிபட்டவற்றை அளந்தார்கள், எடை போட்டார்கள், வயிற்றில் என்ன இரை என்று பார்த்தார்கள், கருவுற்றவற்றில் குட்டிகளை எண்ணினார்கள். புரூஸ் ஜெய்னுடன் சேர்ந்து 1979இல் அவர் எழுதிய கட்டுரையை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். இந்தப் பாம்பு முட்டையிடுவதில்லை, கடலிலேயே குட்டி போடும். ஒரே ஈற்றில் முப்பது வரைகூடப் பிறக்கும். பிறந்தவற்றில் இனப்பெருக்க வயதை எட்டுவதோ ஏறக்குறைய 6 விழுக்காடு மட்டுமே! சேற்று நீரில் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இத்தனை பெரிய பிறப்பையும் இழப்பையும் வலைக்கம்பு ஓரத்தில் நின்று கணக்கெடுத்த பொறுமையை என்னவென்று சொல்வது!

அதன் இரையைப் பற்றிய 1978ஆம் ஆண்டுக் கட்டுரையில் நம் லிம் பூ லியாட்டின் பெயரும் இருக்கிறது. கிள்ளானில் பிறந்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் கீழ்நிலை ஊழியராகச் சேர்ந்து, நாட்டின் தலைசிறந்த விலங்கியலாளராக உயர்ந்தவர். அந்தப் பெயரைக் கண்டதும் எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. பாம்பின் முக்கிய உணவு முள்ளுள்ள கடல் கெளுத்தி. அந்த முள்ளோடு சேர்த்தே, தலைப்பக்கமாக விழுங்கிவிடும்.

மூவாரில் வலை பிரிக்கும்போது ஒன்றை அருகிலிருந்து பார்த்தேன். மீனவர் கையால் தொடவில்லை, நீண்ட கம்பியால் தூக்கிக் காட்டினார். சாம்பல் உடலில் மங்கிய பட்டைகள். துடுப்புபோல் தட்டையான வால். மூக்குத்துளைகள் தலையின் மேற்புறத்தில், மூழ்கும்போது மூடிக்கொள்ளும் மடிப்புகளோடு. ஒற்றை நுரையீரல் உடலின் பெரும்பகுதி நீளத்துக்கு ஓடுகிறது, நாக்கின் அடியில் உப்பை வெளியேற்றும் சுரப்பி! இவ்வளவும் அந்த மெலிந்த உடலுக்குள் அடங்கியிருப்பதை நினைத்து வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கடித்தால் ஆபத்துதான். பினாங்கு மருத்துவமனையில் பணியாற்றிய அலிஸ்டர் ரீட் 1950களில் வடமேற்குக் கரையின் மீனவக் கிராமங்களில் கடிகளை ஆராய்ந்தார். கடித்த இடத்தில் வலி பெரிதாக இருக்காது, பிறகுதான் உடம்பெங்கும் தசைகள் வலித்து விறைக்கும், சிறுநீர் கருக்கும் என்று விவரித்தவர் அவர். பெரும்பாலான கடிகளில் நஞ்சு இறங்குவதே இல்லை என்றும் கண்டறிந்தார். ஆனாலும் கடிபட்டவர் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்னை முழுக்க ஆட்கொண்டது இதற்கு அடுத்த விஷயம். அதே வோரிஸ் 2000ஆம் ஆண்டில் தென்கிழக்காசியாவின் பழைய கடற்கரைகளைக் காட்டும் வரைபடங்களை வெளியிட்டார். கடல் இன்றைவிட 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். மலாக்கா நீரிணையில் கடல் இல்லை, ஆறு ஓடியது! அப்படியானால் மூவாரின் கடல்பாம்புகள் இந்த இடத்துக்குப் புதுக்குடிகள். கடந்த பனியுகத்தின் உச்சத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், இன்று அவை நீந்தும் இடத்தில் காடோ புல்வெளியோ இருந்திருக்கும். பனி உருகிக் கடல் ஏற ஏற, அதன் பின்னாலேயே வந்து குடியேறியவை அவை.

கிழக்குக் கரையில் கதை அப்படியே தலைகீழ். மெர்சிங்கில் படகேறிப் போகும் அவுர், பெமாங்கில் தீவுகள் அன்று கடலால் சூழப்படாத குன்றுகள். அவற்றின் பாறை இடுக்குகளில் வாழும் பல்லிகள்தான் அங்கே பழங்குடிகள். சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தின் இந்திரனீல் தாஸும் கலிபோர்னியாவின் லீ கிரிஸ்மரும் சேர்ந்து 2003இல் அவுர் தீவிலிருந்து ஒரு புதிய பாறைப்பல்லியை விவரித்தார்கள், 2006இல் பெமாங்கிலிலிருந்து இன்னொன்றை. இந்தப் பல்லிகள் பாறையை விட்டு எளிதில் இறங்குவதில்லை. எனவே கடல் வந்து சூழ்வதற்கு முன்பே, சுற்றிலும் காடு இருந்த காலத்திலேயே, அந்தப் பாறைகள் இவற்றுக்குத் தீவுகளாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். அதே நீரேற்றம் ஒரு கரையில் கதவைத் திறந்தது, மறு கரையில் அடைத்தது! அவுருக்குப் போகிறவர்கள் பவளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து இரவில் ஒரு கைவிளக்கோடு பாறைகளின் இடுக்குகளையும் பாருங்கள்.

வீட்டுக்கு இன்னும் பக்கத்தில், பொந்தியான் வழியாகப் போனால் தஞ்சோங் பியாய், ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி. அங்கே கண்டல் காட்டுக்குள் மரப்பாலம் போகிறது. நீர் வற்றிய மாலையில் சேற்றில் குதிக்கும் மீன்களையும், சிறு ஓடைகளில் தலையை மட்டும் நீட்டிக் காத்திருக்கும் நாய்முகப் பாம்பையும் பார்த்துக்கொண்டே நின்றால் நேரம் போவதே தெரியாது. இதன் உறவுக்காரப் பாம்புகள் ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர்க் கண்டல்களிலும் உண்டு. ஜெய்ன், வோரிஸ், நண்டு வல்லுநர் பீட்டர் இங் மூவரும் அவற்றில் கண்டதை 2002இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அது என்ன தெரியுமா? பாம்பு என்றால் இரையை முழுசாக விழுங்கும் என்றுதானே படித்திருக்கிறோம்? கெரார்டா என்ற இந்தச் சின்னப் பாம்பு அப்போதுதான் ஓடு கழற்றிய மென்மையான நண்டைப் பிடித்து, தன் உடலை வளையமாகச் சுருட்டி, அதற்குள் நண்டை இழுத்துக் கிழித்துத் துண்டு துண்டாகத் தின்கிறது! அதன் வாய்க்குள் ஒருபோதும் நுழையாத அளவு பெரிய நண்டை! ஓடு கழற்றிய நண்டு சில மணி நேரத்தில் மறுபடி இறுகத் தொடங்கிவிடும். அந்தக் குறுகிய நேரத்துக்குள், இருட்டில், சேற்றில், பாம்பு அதைத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். அதை நேரில் பார்க்க எத்தனை இரவு வேண்டுமானாலும் கொசுக்கடி படத் தயாராக இருக்கிறேன். யாராவது கூட வருகிறீர்களா?