'அருளர்' இசைத்தட்டு: தந்தை பெயரும் மகள் குரலும்

முன்னுரை

புலம்பெயர் தமிழ் இலக்கியம் என்னும் ஆய்வுக்களம், 1983 சூலை வன்முறைக்குப் பின் மேலைநாடுகளில் குடியேறிய ஈழத்தமிழரின் கவிதை, சிறுகதை, புதினம் ஆகியவற்றை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தது. சிறுவயதிலேயே அந்நாடுகளுக்குச் சென்று ஆங்கிலவழி வளர்ந்த அடுத்த தலைமுறையினரின் படைப்புகள் பெரும்பாலும் இக்களத்தின் எல்லைக்கு வெளியிலேயே நிற்கின்றன. 'எம்.ஐ.ஏ.' என்னும் பெயரில் பாடும் மாதங்கி அருட்பிரகாசம் 2005இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு 'அருளர்' அத்தகைய ஒன்று. தமிழ்ப் புதின ஆசிரியர் ஒருவரின் புனைபெயரைத் தலைப்பாகத் தாங்கிய இப்படைப்பைத் தமிழாய்வு எவ்வாறு அணுகலாம் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். பாடுவதற்கென்றே அமைந்த பண்ணத்தியைத் தொல்காப்பியர் செய்யுளியலில் வைத்துப் பேசுகிறார். ஆதலின் இசையோடு கூடிய சொல்லை ஆராய்வது தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று.

பங்க் மரபும் தட்டின் ஆக்கமும்

1976-77ஆம் ஆண்டுகளில் இலண்டனிலும் மான்செஸ்டரிலும் எழுந்த பங்க் இசை, தேர்ந்த பயிற்சியும் பெருநிறுவன ஆதரவும் இல்லாதாரும் இசைத்தட்டு வெளியிடலாம் என்னும் துணிவைத் தந்தது. பஸ்காக்ஸ் குழுவினர் 1977 சனவரியில் கடன் வாங்கிய பணத்தில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்னும் வினைல் தட்டைத் தாமே அச்சிட்டு வெளியிட்டமை இதற்குத் தக்க சான்றாகும். 'அருளர்' ஒரு பங்க் குழுவின் தட்டன்று. அதன் ஒலி நடனஇசையையும் ஹிப்ஹாப்பையும் சார்ந்தது. எனினும் அது உருவான முறை பங்க் மரபினதே எனலாம்.

ஓவியமும் திரைப்படமும் பயின்றவரான மாதங்கி, எலாஸ்டிகா என்னும் ராக் குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றவர். அப்பயணத்தில் ரோலண்டு எம்சி-505 என்னும் தாளக்கருவி அவருக்கு அறிமுகமாயிற்று. அக்குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மனிடமிருந்து கருவியைப் பெற்று, நான்கு தடப் பதிவுக்கருவி ஒன்றின் துணையோடு தம் தொடக்கப் பாடல்களை உருவாக்கினார். 2003இல் 'கலாங்' என்னும் பாடல் 500 வினைல் படிகளாக மட்டுமே ஒரு சிறு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதன் பின்னரே எக்ஸ்.எல். நிறுவனம் அவரை ஏற்றது. முறையான இசைப்பயிற்சி இன்மை இங்குக் குறையாகாமல் நடையாகிறது. குரல் பண்ணை நாடாது தாளத்தின்மேல் ஏறிப் பேசுகிறது. ஒலிகள் மெருகின்றி மோதுகின்றன.

பெயரும் முதலெழுத்தும்

மாதங்கியின் தந்தை அருட்பிரகாசம் 1975இல் இலண்டனில் தோன்றிய ஈரோஸ் இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். 'அருளர்' என்பது அவருடைய இயக்கப்பெயர். அப்பெயரிலேயே அவர் 'லங்கா ராணி' என்னும் புதினத்தை எழுதினார். 1977 வன்முறைக்குப் பின் கொழும்பிலிருந்து வடக்கு நோக்கித் தமிழ் அகதிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் பெயரே அப்புதினத்தின் பெயராயிற்று. இயக்கப் பணியினால் அவர் குடும்பத்தோடு வாழ்ந்த காலம் மிகக் குறைவு. தாயும் பிள்ளைகளும் 1986இல் அகதிகளாக இலண்டன் சேர்ந்தனர்.

தமிழர் வழக்கில் தந்தையின் பெயர் பிள்ளையின் பெயருக்கு முதலெழுத்தாக நின்று குடிவழியைச் சுட்டும். இத்தட்டில் அம்முதலெழுத்து முழுப்பெயராக விரிந்து தலைப்பாகிறது. ஆயின் தலைப்பாக வந்தது குடும்பத்தார் அறிந்த பெயரன்று, களம் அறிந்த பெயர். அகத்தே இல்லாத தந்தையை மகள் அவருடைய புறப்பெயரால் அழைக்கிறார். தந்தை தம்மைத் தேடி வரக்கூடும் என்னும் எதிர்பார்ப்பு இத்தலைப்புக்குக் காரணமென அவரே கூறியுள்ளார். புறநானூற்றுப் பாரி மகளிர் தந்தையையும் குன்றையும் ஒருசேர இழந்து பாடினர். இங்குத் தந்தை உயிரோடிருந்தும் எட்டாத் தொலைவில் இருந்தார். எனவே இதனைக் கையறுநிலை என்பதினும் விளித்தல் என்பதே பொருந்தும். 2007இல் வெளிவந்த அடுத்த தொகுப்புக்குத் தாயின் பெயரான 'கலா' சூட்டப்பட்டமை இவ்வரிசையின் நோக்கத்தை உறுதிப்படுத்துகிறது.

'எம்.ஐ.ஏ.' என்னும் சுருக்கம் போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் ஆங்கில இராணுவ வழக்கு. காணாமற்போனோர் பட்டியல் நீண்டுகொண்டே சென்ற ஒரு நாட்டிலிருந்து வந்த மகள் அதனைத் தம் பெயராகக் கொண்டார். தட்டின் உறையில் இருபெயரும் ஒருங்கே நிற்கும்போது, காணாமற்போனவர் தந்தையா மகளா என்னும் ஐயம் எழுவது இயல்பே.

மொழி

பாடல்களின் மொழி செவ்விய ஆங்கிலமன்று. இலண்டன் தெருவழக்கும் ஜமைக்கக் கிளைமொழியும் அதில் விரவியுள்ளன. 'கலாங்' என்னும் தலைப்பே ஜமைக்க வழக்கைச் சார்ந்தது. தொகுப்பின் தொடக்கமான 'பனானா' ஒரு பழத்தின் பெயரை அசை பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பறைக் காட்சியாகும். ஆங்கிலம் அறியாது வந்த அகதிச் சிறுமி அம்மொழியை அசையசையாகப் பெற்ற அனுபவமும், பெற்ற மொழியையே எள்ளி நகையாடும் துணிவும் அதில் ஒருங்கே ஒலிக்கின்றன. 'கலாங்' பாடலின் இறுதியில் சொற்பொருள் கரைந்து கூட்டொலி மட்டும் எஞ்சுகிறது. நம் நாட்டுப்புறப் பாடல்களில் 'தன்னானே' போன்ற அசைகள் குழுவினரைப் பாட்டுக்குள் இழுப்பது போன்றே இவ்வொலியும் கேட்பாரை உள்ளிழுக்கிறது. தமிழக இசையின் நேரடிச் சுவடுகள் 'கலா' தொகுப்பில் மிகுதி. உறுமி மேளமும், 'தளபதி' படத்து இளையராஜா பாடலின் ஒலித்துணுக்கும் அதில் இடம்பெற்றுள்ளன.

உருவங்களும் அவற்றின் எல்லையும்

'கலாங்' காணொளியில் டாங்கிகள், குண்டுகள், புலி ஆகியன அச்சுவெட்டு ஓவியங்களாக வண்ணம் பொங்க வருகின்றன. இத்தட்டின் வலிமையும் நலிவும் இங்கேயே ஒருங்கு காணப்படுகின்றன. மேலையுலகம் கேள்விப்படாத ஒரு போரை நடனக் கூடத்துக்குக் கொண்டுவந்தமை அதன் வலிமை. 'சன்ஷவர்ஸ்' பாடலில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சுட்டும் பகுதிக்காக எம்.டி.வி. அதன் காணொளியை ஒளிபரப்பத் தயங்கியமை அவ்வலிமைக்குச் சான்று.

நலிவு வேறிடத்தில் உள்ளது. ஈரோஸ் வேறு, விடுதலைப் புலிகள் வேறு. தந்தையின் பெயரும் புலியின் உருவமும் அருகருகே நிற்கையில் அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. இயக்கங்களுக்கிடையே நிகழ்ந்த மோதல்களும், 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முசுலிம்களின் துயரும் இவ்வுருவங்களுக்குள் இடம்பெறவில்லை. ஈழத்தமிழர் தம்முள் நிகழ்த்திய தன்னாய்வை இத்தட்டில் காண இயலாது. மேடை ஏறிய ஓருருவம் ஒரு வரலாற்றின் முழுமைக்கும் பதிலாளாக நின்றுவிடும் இடர் இது. போர் 2009 மேயில் பேரழிவோடு முடிந்த பின் இவ்வுருவங்களைக் காண்பார்க்கு அவற்றின் வண்ணப்பொலிவு உறுத்துவதும் இதனாலேயே.

முடிவுரை

'லங்கா ராணி' அகதிகளைச் சொந்த நிலம் நோக்கிச் சுமந்த கப்பலைப் பற்றியது. 'அருளர்' அந்நிலத்தைவிட்டு நீங்கிய மகளின் குரல். ஒன்று தமிழ்ப் புதினம், மற்றொன்று ஆங்கில இசைத்தட்டு. இரண்டையும் இணைப்பது ஒரே பெயர். மொழியொன்றையே அளவுகோலாகக் கொண்டால் முதலாவது மட்டும் தமிழாய்வின் பொருளாகும். தந்தையைப் படித்துவிட்டு மகளைக் கேளாமல் நிறுத்திக்கொள்ள நேரும். அருளர் 2019இல் மறைந்தார். அவர் மறைவுக்குப் பின் அப்பெயரை உலகெங்கும் ஒலிக்கச் செய்வது அவர் எழுதிய நூலினும் மகள் வெளியிட்ட தட்டே எனலாம். இரண்டையும் ஒப்பவைத்துக் காண்பது புலம்பெயர் இலக்கிய ஆய்வின் எல்லையை விரிவாக்குவதோடு, தலைமுறை மாறும்போது மொழி மாறினும் எஞ்சுவது யாது என்னும் வினாவுக்கும் விடைதேட உதவும்.