கோவலன் ஏன் கடைத்தெருவில் வாய் திறக்கவில்லை?

சிலப்பதிகாரத்தைப் பற்றி நம் மேடைகளில் பேசாதவர் இல்லை. கற்பு, நீதி, ஊழ்வினை என்று மூன்று தலைப்பில் பட்டிமன்றம் நடத்திக் கைதட்டலோடு முடித்துவிடுகிறோம். மாட்டுங்காவில் நாற்பது ஆண்டுக்கு மேல் பாத்திரக் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதிய எனக்கு அந்தக் காப்பியம் வேறு மாதிரியும் தெரிகிறது. கைமுதல் கரைந்துபோன ஒரு வியாபாரி, மனைவியின் நகையை முதலாக வைத்துக்கொண்டு வேறு நாட்டுத் தலைநகரத்துக்குப் பிழைக்கப் போன கதை அது. அப்படிப் பார்த்தால் மும்பைத் தமிழன் கதை. முறையாகத் தமிழ் படித்த புலவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு கடைக்காரனின் வாசிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோவலன் புகாரை விட்டுப் போகும்போது அந்தக் குடும்பத்தில் காசே இல்லையா? நன்றாக இருந்தது. தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்த பங்குதான் அவன் கையில் அழிந்தது. தந்தை மாசாத்துவான், மகன் இறந்த செய்தி வந்த பிறகு பெரும் பொருளைத் தானமாகக் கொடுத்துவிட்டுத் துறவு போனதாக இளங்கோவடிகளே பின்னால் சொல்கிறார். மாமனார் மாநாய்கனும் அப்படியே. ஆக இரண்டு கைகள் பண்டகசாலைச் சாவியோடு பக்கத்துத் தெருவிலேயே இருந்தன. அவனோ யாரிடமும் சொல்லாமல், விடியுமுன் கண்ணகியைக் கூட்டிக்கொண்டு ஊரைத் தாண்டிவிட்டான். ஏன்? காரணத்தை அவனே கனாத்திறம் உரைத்த காதையில் மனைவியிடம் சொல்கிறான். இந்த வறுமை எனக்கு நாணத்தைத் தருகிறது என்பதுதான் அது.

இனி மதுரைக்கு வருவோம். இங்கேதான் என் சந்தேகம் ஆரம்பம். ஊர்காண் காதையில், நகருக்குள் போய் வணிகர்களிடம் என் நிலையைச் சொல்லிவிட்டு வருகிறேன், அதுவரை இவளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கவுந்தியடிகளிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். கவுந்தியடிகள் அவன் மனக் கூச்சத்தைப் புரிந்துகொண்டவர். இராமனும் நளனும் படாத பாடா என்று எடுத்துச் சொல்லித்தான் அனுப்புகிறார். போனவன் என்ன செய்தான்? மணிக்கடைத் தெரு பார்த்தான். பொன் வகை பிரித்துக் கொடி கட்டி விற்கும் தெரு பார்த்தான். துணி அடுக்கிய தெரு, தராசும் பறையும் அம்பணமுமாகக் கூலம் அளக்கும் தெரு எல்லாம் பார்த்தான். திரும்பி வந்து ஊரின் பெருமையையும் பாண்டியனின் வெற்றியையும் அடிகளிடம் சொன்னான். ஒரு வணிகரையும் சந்தித்ததாக ஒரு வரி கிடையாது!

அது கதைக்குத் தேவையில்லை, அதனால் கவி விட்டுவிட்டார் என்று ஒரு நண்பர் வாதாடினார். நவமணிகளின் குணம் குற்றம் வரைக்கும் ஒவ்வொன்றாக எழுதுகிறவர் இதை மட்டும் ஏன் விடப்போகிறார்? அடுத்த காதையைப் பாருங்கள். மாடல மறையோனும் கவுந்தியடிகளும், இந்தப் புறஞ்சேரி துறவிகள் தங்கும் இடம், உன் நிலை தெரிந்தால் நகரத்து வணிகர்கள் உன்னை ஏற்றுக்கொள்வார்கள், பொழுது சாயுமுன் உள்ளே போ என்று மறுபடியும் சொல்கிறார்கள். அதாவது அதுவரை யாருக்கும் தெரியாது. கடைசியில் இடைக்குல மூதாட்டி மாதரியிடம் அடைக்கலம் கொடுத்து வைக்கும்படி ஆகிறது. மறுநாள் ஒற்றைச் சிலம்போடு போகிறான். எதிரே சட்டையும் பரிவாரமுமாக வந்த பொற்கொல்லன் ஒருவனிடம், அந்த ஒருவனிடம் மட்டும், விலை கேட்கிறான். வியாபாரத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்: ஜோடியில் ஒன்றை மட்டும் விற்க வருகிறவனை எந்தக் கடைக்காரனும் ஒரு தினுசாகத்தான் பார்ப்பான். உள்ளூரில் இன்னாருடைய மகன் என்று சொல்ல ஒரு ஆள் கூட இருந்திருந்தால் திருடன் என்ற பேச்சு அவ்வளவு சுலபமாக ஒட்டியிருக்காது.

ஊழ்வினை என்பார்கள். நான் பிறப்பால் சமணன். வினையை மறுக்க மாட்டேன். ஆனால் வினை எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்று பார்க்கலாம் அல்லவா? ‘மானம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். திருக்குறளில் அது ஓர் அதிகாரம், உயர்ந்த குணம். எங்கள் தத்துவ நூல்களிலோ குரோதம், மானம், மாயை, லோபம் என்று உயிரைக் கட்டிப்போடும் நான்கு கஷாயங்களில் ஒன்று. தாழ்ந்து வராத செருக்கு என்று பொருள். ஒரே சொல், இரண்டு முகம். தப்பு செய்யக் கூசுகிறவனுடைய மானம் ஒன்று. நொடித்துப்போனேன் என்று சொல்லக் கூசுகிறவனுடைய மானம் இன்னொன்று. கோவலனிடம் இருந்தது இரண்டாவது. இளங்கோவடிகளைச் சமணர் என்று கொள்ளும் மரபில் நின்று படித்தால், அவர் தெரிந்தேதான் இப்படி அமைத்தார் என்பது என் துணிபு.

இதை ஏன் சங்க மலரில் எழுத வேண்டும்? மும்பைக்கு வந்த நம் ஆட்களுக்கு மந்தம் புதிதல்ல. நான் வந்த மறு வருஷம், 1982 ஜனவரி 18-இல் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது; சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளிகளின் கூலி நின்றது. மில்லில் தமிழர் குறைவுதான், ஆனாலும் கூலியை நம்பிக் கடை வைத்தவர்கள் எல்லாம் வாடினார்கள். 2008-இல் அமெரிக்காவில் வங்கி சாய்ந்தால் தாராவியில் பை தைக்கிற மெஷினுக்கு வேலை குறைகிறது. 2015 மார்ச்சில் எருது, காளை வெட்டவும் மாராட்டியத்தில் தடை வந்தபோது தோல் தொழில் இன்னொரு அடி வாங்கியது. அந்தச் சட்டத்தின் நியாயம் வேறு வழக்கு. நான் தோல் தொடாதவன். அதற்காக வேலை போனவன் வயிற்றைப் பார்க்காமல் இருக்க முடியுமா? பிறகு 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாதென்று அறிவித்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு.

நோட்டு செல்லாமல் போன அந்தக் குளிர்காலத்தில் என் கடைக்கு ஒருவர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்; தாராவியில் வீட்டிலேயே இட்லி அவித்து, விடிகாலையில் சைக்கிள்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கிறவர். கொப்பரையும் தட்டும் என்னிடம்தான் வாங்குவார். நோட்டுப் புத்தகத்தை விரித்து என் முன்னால் வைத்தார். “அண்ணாச்சி, இதுதான் வரவு, இதுதான் பாக்கி. ஒளிக்கதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டு மாசம் பொறுத்துக்கிடுங்க. அடுப்ப மட்டும் அணைய விட்ராதீய” என்றார். அதே புத்தகத்தை அரிசிக் கடையிலும் உளுந்துக் கடையிலும் காட்டிவிட்டுத்தான் வந்திருந்தார். நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். பாக்கி உண்மை, கூட்டல் கழித்தல் சரி. யாரும் நெருக்கவில்லை. அடுப்பு அணையவில்லை. வணிகர்களிடம் என் நிலையைச் சொல்வேன் என்று கோவலன் கிளம்பினானே, அதைச் செய்து முடித்தவர் இவர்.

மணிமேகலையில் சாதுவன் என்று ஒருவன் வருகிறான். கணிகையிடமும் சூதிலும் முழுக்கத் தொலைத்தவன், கோவலனைவிட மோசம். வணிகரோடு கப்பலேறுகிறான்; கப்பல் உடைகிறது; ஒடிந்த மரத்தைப் பற்றி நாகர் மலையில் ஒதுங்குகிறான். தின்ன வந்த நாகர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசியதால் பிழைக்கிறான். பிறகு சந்திரதத்தன் கப்பலில் பொருளோடு ஊர் திரும்பி ஆதிரையோடு வாழ்கிறான். பௌத்த நூல்தான், இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: பிழைக்கப் போனவனைப் பற்றி சாத்தனாருக்கு நல்ல அனுபவ ஞானம் இருந்திருக்கிறது. இந்தியில் நாலு வார்த்தை பேசி, உடுப்பி ஓட்டலிலோ சேட்டுக் கடையிலோ கடன் சொல்லத் தெரிந்தவன் ஆறு மாதம் தாங்குகிறான் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

வாய் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. பர்மாவில் நகரத்தார் அளவுக்கு ஒருவருக்கொருவர் கணக்குத் தெரிந்து தொழில் செய்தவர்கள் குறைவு. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டி நிர்ணயித்தவர்கள் அவர்கள். 1930-இல் நெல் விலை விழுந்தது. கடன் வாங்கிய விவசாயி பணமாகத் திருப்ப முடியாமல் நிலமாகக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம், 1937-இல் நூற்றுக்கு இருபத்தைந்து. கேட்டால் செல்வம் போலத் தெரியும். உண்மையில் வராத கடன். உள்ளூர்க்காரன் வெறுப்பும் அதோடு சேர்ந்து வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது மண்ணைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியவில்லை.

நம் நவீன எழுத்தைப் பற்றியும் ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். நாஞ்சில் நாடன் இங்கே பல ஆண்டு வேலை பார்த்தவர். ‘மிதவை’, ‘சதுரங்கக் குதிரை’ இரண்டிலும் பம்பாயில் தனியாக நிற்கும் தமிழனின் தவிப்பு அசலாக இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் சம்பளக்காரன் தவிப்பு. கடன் கொடுத்தவன், வாங்கியவன், ஜாமீன் நின்றவன் மூவரும் ஒரே சந்தில் குடியிருக்கும் தாராவிக் கணக்கை வைத்து அந்தத் தரத்தில் ஒரு நாவல் எழுதப்பட்டு நான் படித்ததில்லை. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் யாராவது எழுத வேண்டும்.

ஜாமீன் என்றதும் மறுபடி சிலம்புக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கோவலன் இறந்ததோடு கதை நிற்கவில்லை. அடைக்கலம் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் புகுந்தாள். கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டார். கண்ணகி மதுரையை எரித்ததைப் பாடுகிறோம், இந்த இரண்டு பெண்களை நீர்ப்படைக் காதையிலேயே விட்டுவிடுகிறோம். இருவரும் அவனுக்காகப் பொறுப்பேற்றவர்கள்.

2020 மே மாதம் தாராவியில் தோல் பை தைக்கிற ஒருவர், ஆர்டர் எல்லாம் ரத்தான நிலையில், ஒரு ராத்திரி அறையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். போனையும் அணைத்துவிட்டார். கெட்டவர் இல்லை, கூச்சக்காரர். அவர் எடுத்து முடித்திருந்த சீட்டில் பதினொரு தவணை பாக்கி. ஜாமீன் நின்ற பக்கத்து வீட்டு அம்மா செம்பூரில் மூன்று வீட்டில் சமையல் செய்தவர். அந்த மூன்று வீடும் அப்போது அவரை வரவேண்டாம் என்று சொல்லியிருந்தன. தோட்டை அடகு வைத்து, பிறகு இட்லிக்காரர் வீட்டில் மாவரைத்துக் கொடுத்துத் தவணையைக் கட்டினார். “சொல்லிட்டுப் போயிருந்தா சீட்டையே நாலு மாசம் நிறுத்தி வச்சிருப்போமே, எல்லாருக்கும் அதே நெலமதான” என்று என் கடை வாசலில் நின்று சொன்னார். கடைசித் தவணையை அவர் கட்டியது 2021 தீபாவளிக்கு முந்தின வாரம்.