தொடர்முனையிலிருந்து மின்சாரம் எடுக்கலாமா?

“தனி மின்சாரம் தேவையில்லை, கணிப்பொறியின் தொடர்முனையிலிருந்தே தன் தேவையை எடுத்துக்கொள்ளும்.” பழைய கையடக்கக் கணிப்பொறிகளைக் கம்பியின்றி இணைக்க விற்கப்படும் சிறு கருவிகள் சிலவற்றின் மீது இத்தகைய வாசகம் காணப்படுகிறது. இது எந்த அளவுக்கு உண்மை? இயற்பியல் பயிலும் மாணவர் எவரும் ஒரு தாளையும் எழுதுகோலையும் கொண்டு இதனைச் சோதித்துவிடலாம். அந்தச் சோதனையை இங்கே நாம் சேர்ந்தே செய்து பார்ப்போம்.

முதலில் கணிப்பொறியைத் தெரிந்துகொள்வோம். 1983-ஆம் ஆண்டு அமெரிக்காவில் டாண்டி நிறுவனம் தன் ரேடியோ ஷாக் கடைகளில் டி.ஆர்.எஸ்.-80 மாடல் 100 என்னும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதனை உருவாக்கியது ஜப்பானின் கியோசெரா நிறுவனம். வரிக்கு 40 எழுத்து வீதம் 8 வரிகள் காட்டும் திரவப் படிகத் திரை, 80சி85 நுண்செயலி, உள்ளே 8 முதல் 32 கிலோபைட் வரை நினைவகம் ஆகியவை அதன் உறுப்புகள். நாம் கடைகளில் வாங்கும் பென்சில் செல் நான்கு இருந்தால் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும். செய்தியாளர்கள் இதை மடியில் வைத்துச் செய்தி எழுதி, தொலைபேசி வழியே பத்திரிகை அலுவலகத்துக்கு அனுப்பினர். இன்றும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆர்வலர்கள் பலர் இதில் எழுதிக்கொண்டிருக்கின்றனர். எழுதியதை வேறு கணிப்பொறிக்கு மாற்ற, பின்புறமுள்ள 25 ஊசித் தொடர்முனையில் ப்ளூடூத் அல்லது வை-பை இணைப்பியைப் பொருத்துகின்றனர். அந்த இணைப்பிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதே நம் கேள்வி.

தொடர்முனையின் விதிகளைக் கூறுவது ஆர்.எஸ்.-232 என்னும் தரம். அதன் புகழ்பெற்ற ‘சி’ பதிப்பு 1969-இல் வெளிவந்தது. தரவு அனுப்பும் ஊசி, பெறும் ஊசி, நிலஊசி, கைகுலுக்கல் ஊசிகள் என ஒவ்வொன்றுக்கும் அதில் பணி வகுக்கப்பட்டுள்ளது. ஆனால் மின்சாரம் வழங்குவதற்கென்று ஓர் ஊசி கூட இல்லை. அக்காலத்தில் மறுமுனையில் இருந்த மோடம் சுவரிலுள்ள மின்செருகியிலிருந்தே மின்சாரம் பெற்றது. ஆகவே அப்படி ஒன்று தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை.

பின் ‘தொடர்முனையிலிருந்து எடுப்பது’ எவ்வாறு? கைகுலுக்கல் ஊசிகளில் இரண்டு, கணிப்பொறி ஆயத்தமாக இருக்கும் வரை நேர் மின்னழுத்தத்திலேயே நிற்கும். அவற்றில் ஒரு டையோடை இணைத்துச் சிறிது மின்னோட்டத்தை உறிஞ்சிக்கொள்வதே இந்தத் தந்திரம். (தரவு அனுப்பும் ஊசி உதவாது, ஓய்வில் அது எதிர் மின்னழுத்தத்தில் இருக்கும்.) 1980-களில் வந்த தொடர்முனைச் சுட்டிகள் இப்படித்தான் உயிர் வாழ்ந்தன. அவற்றின் தேவை சில மில்லியாம்பியரே. அங்கே வெற்றி பெற்ற தந்திரத்தை எல்லாவற்றுக்கும் நீட்டியதில்தான் தவறு தொடங்குகிறது.

தரம் உறுதியளிப்பது எவ்வளவு என்று பாருங்கள். 3000 ஓம் தடையை இணைத்தாலும் 5 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது என்பதே விதி. 5 வோல்ட்டை 3000 ஓமால் வகுத்தால் 1.67 மில்லியாம்பியர். திறன் 8.3 மில்லிவாட். இரண்டு ஊசிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 17 மில்லிவாட். இதற்கு மேல் கிடைப்பது அந்தந்தப் பொறியின் தாராளம், உரிமை அன்று.

தாராளமான பொறியை எடுத்துக்கொண்டாலும் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. சுமையின்றி அளக்கும்போது ஓர் ஊசியில் 8 வோல்ட் காட்டுகிறது. நிலத்துடன் குறுக்கிணைத்து அளந்தால் 10 மில்லியாம்பியர் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே இரண்டையும் பெருக்கி, “80 மில்லிவாட் கிடைக்கும்” என்று முடிவு கட்டிவிடுவோர் பலர். 8 வோல்ட் இருக்கும்போது மின்னோட்டம் சுழி. 10 மில்லியாம்பியர் பாயும்போது மின்னழுத்தம் சுழி. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை! உள்மின்தடையும் சுமையின் தடையும் சமமாகும்போதே பெருமத் திறன் கிடைக்கும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அப்போது 4 வோல்ட், 5 மில்லியாம்பியர், அதாவது 20 மில்லிவாட். பெருக்கி வந்ததில் கால் பங்கு.

இனித் தேவையைப் பார்ப்போம். ஆர்வலர்கள் செய்யும் வை-பை இணைப்பிகளில் மிகுதியாகக் காணப்படுவது, சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட இ.எஸ்.பி.8266 என்னும் சில்லு. தயாரிப்பாளர் தரும் அட்டவணைப்படி, 3.3 வோல்ட்டில் அது அலைகளைப் பெறும்போது சுமார் 56 மில்லியாம்பியரும், வலுவாக அனுப்பும்போது 170 மில்லியாம்பியரும் இழுக்கிறது. திறனாக மாற்றினால் முறையே 185, 561 மில்லிவாட். தரம் உறுதியளிக்கும் 17 மில்லிவாட்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செம்பில் நீரை வைத்துக்கொண்டு வயலுக்குப் பாய்ச்சக் கிளம்பிய கதைதான்.

“மின்தேக்கி ஒன்றை வைத்துவிட்டால் போதுமே” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, பாதி விடையும் அதுவே. 1000 மைக்ரோஃபாரடு மின்தேக்கியிலிருந்து 170 மில்லியாம்பியரை 2 மில்லிசெகண்டுக்கு எடுத்தால் மின்னழுத்தம் 0.34 வோல்ட் மட்டுமே சரியும். அந்தக் கணநேர உந்தலைத் தாங்க மின்தேக்கி பெரிதும் உதவும். ஆனால் மாடியிலுள்ள நீர்த்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தாலும் தொட்டி சமாளிக்கும்; நாள் முழுதும் எடுக்கும் நீர் வரும் நீரைவிட மிகுதியானால், தொட்டி எத்தனை பெரிதாயினும் வற்றத்தான் செய்யும். சராசரிக் கணக்கை மின்தேக்கி மாற்றுவதில்லை.

மாடல் 100-இல் நிலைமை இன்னும் நெருக்கடி. அதன் உள்ளேயுள்ள மாற்றுச் சுற்று நான்கு செல்களிலிருந்து +5, −5 வோல்ட்டுகளை உண்டாக்குகிறது. ஆகவே தொடர்முனையில் 5 வோல்ட்டுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. டையோடில் 0.6 வோல்ட் போகும். மீதத்தில் உள்மின்தடையின் பங்கும் கழியும். மலிவாகக் கிடைக்கும் 1117 வகைச் சீராக்கி 3.3 வோல்ட் தர வேண்டுமானால் உள்ளே வருவது அதைவிட ஒரு வோல்ட்டுக்கும் மேல் கூடுதலாக இருக்க வேண்டும். அச்சீராக்கி தன் சொந்தச் செலவுக்கே ஏறத்தாழ 5 மில்லியாம்பியர் எடுத்துக்கொள்ளும். வந்த விருந்தாளி உண்ணும் முன்பே பரிமாறுபவர் பானையைக் காலி செய்துவிடுகிறார்.

எனினும் ஒருபக்கமாகப் பேசலாகாது. 2010-இல் வந்த குறைதிறன் ப்ளூடூத் முறையில் இந்தக் கணக்கு மாறுகிறது. நார்டிக் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப்.52832 சில்லு, 3 வோல்ட்டில், அனுப்பும் கணத்திலும் ஏறத்தாழ 5.4 மில்லியாம்பியர்தான் எடுக்கிறது. அது 16 மில்லிவாட். அதுவும் விட்டு விட்டு. இத்தகைய இணைப்பி தொடர்முனை மின்சாரத்தில் வாழக்கூடும். ஆக, மேலட்டை வாசகம் எல்லா இடத்திலும் பொய் என்று நான் கூறவில்லை. எந்தச் சில்லுக்கு, எந்தப் பொறியில், எத்தனை மில்லியாம்பியர் என்பதைக் கூறாமல் விடுவதையே குறை கூறுகிறேன்.

ஆர்வலர்கள் கண்ட இரண்டாம் வழி கெட்டிக்காரத்தனமானது. மாடல் 100-இல் பட்டைக்குறி படிக்கும் கோலுக்கென ஒரு 9 ஊசி முனை உண்டு. கோலுக்குத் தேவைப்படும் 5 வோல்ட் அதன் 9-ஆம் ஊசியில் கிடைக்கிறது. அங்கிருந்து ஒரு கம்பியை இழுத்து இணைப்பிக்குக் கொடுக்கின்றனர். வேலை செய்கிறது, ஆனால் விலை என்ன? பென்சில் செல்லின் கொள்ளளவு சுமார் 2000 மில்லியாம்பியர்-மணி. 20 மணி ஓடுகிறதென்றால் பொறியின் தேவை ஏறத்தாழ 100 மில்லியாம்பியர். இணைப்பி சீராக்கியுடன் சேர்ந்து 5 வோல்ட்டில் 60 மில்லியாம்பியர் கேட்டால் அது 300 மில்லிவாட். மாற்றுச் சுற்றின் பயன்திறன் 80 சதவீதம் என்று தாராளமாகவே கொண்டாலும், செல்கள் கூடுதலாக 75 மில்லியாம்பியர் தர வேண்டும். 20 மணி நேரம் 11 மணிக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும்.

செல் செலவைவிடப் பெரிய கவலை வேறொன்று. திரை, நுண்செயலி, நினைவகம் யாவும் அதே மாற்றுச் சுற்றையே நம்பியுள்ளன. நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட சுற்று அது. அதன் மின்பகுளி மின்தேக்கிகளுக்கும் அதே வயது. இப்பொறியில் வட்டு இல்லை. எழுதியவை எல்லாம் மின்சாரம் உள்ள வரையே நிலைக்கும் நினைவகத்தில் இருக்கின்றன. அதைக் காக்க உள்ளே ஒரு சிறு நிக்கல்-காட்மியம் மின்கலம் உண்டு. இன்று பல பொறிகளில் அது செத்துப்போயிருக்கிறது அல்லது கசிந்திருக்கிறது. அந்நிலையில் கூடுதல் சுமையால் செல்கள் எதிர்பாரா நேரத்தில் தீர்ந்தால், ஒரு வார எழுத்தும் அவற்றுடன் போகும். கோப்பை வெளியே அனுப்புவதற்காக வாங்கிய கருவியே கோப்பை அழிப்பது என்ன நியாயம்?

சிலர் 9 ஊசித் தொடர்முனையின் 9-ஆம் ஊசி வழியே 5 வோல்ட் கொடுக்கும் இணைப்பிகளை வாங்கி, கணிப்பொறியைத் திறந்து அந்த ஊசிக்கு மின்சாரம் பற்றவைக்கின்றனர். தரப்படி அது மோடம் மணியடிப்பதை அறிவிக்கும் ஊசி. பின்னாளில் உண்மையான மோடத்தை இணைத்தால் அதன் சைகையும் இந்த 5 வோல்ட்டும் ஒரே கம்பியில் மோதும். திருத்தியவர் மறந்துவிடுவார்; ஊசி மறக்காது.

இவ்வளவு விவாதத்திலும் எவரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. இணைப்பி எவ்வளவு நேரம் விழித்திருக்க வேண்டும்? 20,000 எழுத்துள்ள கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 9600 பிட் வேகத்தில், எழுத்துக்கு 10 பிட் வீதம், நொடிக்கு 960 எழுத்துகள் போகும். முழுக் கோப்பும் 21 நொடியில் முடிந்துவிடும். வலையமைப்பைத் தேடிச் சேரும் நேரத்தையும் கூட்டி ஒரு நிமிடம் என்றே வைப்போம். 0.3 வாட், 60 நொடி: 18 ஜூல். ஒரு பென்சில் செல்லில் அடங்கியிருப்பது சுமார் 9000 ஜூல். ஐந்நூறில் ஒரு பங்கு! நாள் முழுதும் மின்சாரம் போதவில்லை என்று நாம் அழுதுகொண்டிருந்தது இதற்காகத்தான்.

குற்றம் மின்மூலத்தில் மட்டும் இல்லை என்பது இப்போது தெளிவாகும். இணைப்பியின் வானொலிப் பகுதி கேட்பாரற்று விழித்துக்கொண்டே இருப்பதுதான் பெருஞ்செலவு. இ.எஸ்.பி.8266 சில்லுக்கே உறங்கும் நிலைகள் உண்டு. ஒன்றில் அது 1 மில்லியாம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். ஆயினும் தரவு வராதபோது உறங்கச் செய்யும் சில வரிகளை எழுதாமலே விடும் இணைப்பிகள் உள்ளன. சுவர் மின்சாரத்தில் வைத்துச் சோதிப்பவருக்கு அந்தக் குறை கண்ணில் படாது. நம் கல்லூரிச் செயல்திட்டங்களிலும் இதைக் காணலாம். ப்ளூடூத் அட்டையைச் சதுர 9 வோல்ட் மின்கலத்தில் மாட்டிவிட்டு, மாலைக்குள் தீர்ந்துவிட்டதே என்று மாணவர் வியப்பர்.

நான் பரிந்துரைப்பது தனி மின்மூலம், தனிச் சுவிட்சு. இணைப்பியின் பெட்டிக்குள்ளேயே மூன்று பென்சில் செல்களை வைத்து, குறைந்த இழப்புடைய சீராக்கி ஒன்றின் வழியே 3.3 வோல்ட் தரலாம். கணிப்பொறியுடன் சைகைக் கம்பிகளும் நிலக்கம்பியும் மட்டுமே பொதுவாக இருக்கட்டும். சுவிட்சைத் தட்டி, கோப்பை அனுப்பி, மீண்டும் தட்டினால் அந்தச் செல்கள் மாதக்கணக்கில் வரும். கைப்பேசிக்கான பவர் பேங்கைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுமை மிகக் குறைந்தால் கைப்பேசி நிரம்பிவிட்டதாகக் கருதிப் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். சிக்கனமாக உறங்கும் நல்ல இணைப்பிக்கே இந்தத் தொல்லை வரும், ஊதாரிக்கு வராது.