தனியாக ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் பேண்ட் வகுப்பு, மாலை நேரப் பொழுதுபோக்கு அல்ல. கணக்கையும் அறிவியலையும் போலக் கால அட்டவணையில் இடம்பிடித்த பாடம் அது. பருவ முடிவில் அதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த மதிப்பெண் எதைக் காட்டுகிறது என்று யாராவது கேட்டால் பேண்ட் ஆசிரியர்கள் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான். பேண்ட் என்பது கூட்டு வேலை. ஒத்திகைக்கு வருவதும் கச்சேரியில் நிற்பதும்தான் அதன் உயிர். ஆகவே வருகைக்கும் ஈடுபாட்டுக்கும் மதிப்பெண் தருவதே முறை. கேட்க இதமான வாதம். அதனால்தான் அதை யாரும் துருவிப் பார்ப்பதில்லை.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. குழுவில் டியூபா வாசிக்கும் ஒரே பிள்ளை கச்சேரியன்று வராமல் போனால் மற்ற எல்லோருடைய உழைப்பும் அடிபடும். ஒரே வகுப்பில் அறுபது எழுபது பிள்ளைகளை வைத்துச் சமாளிக்கும் ஆசிரியருக்கு நேரம் ஒரு பெரும் நெருக்கடி. ஆசையோடு கருவியைத் தூக்கி வருகிற பிள்ளையை மதிப்பெண்ணைக் காட்டி விரட்டுவதும் தகாது. இவ்வளவும் சரி.

ஆனால் வருகைக்கு எந்த அளவுக்கு மதிப்பெண்? ஜோஷுவா ரஸ்ஸல், ஜேம்ஸ் ஆஸ்டின் ஆகிய இருவரும் அமெரிக்கத் தென்மேற்கு மாநிலங்களின் இடைநிலை, உயர்நிலைப் பள்ளி இசை ஆசிரியர்களிடம் விசாரித்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவரின் மதிப்பெண்ணில் சராசரியாக 60 விழுக்காடு வருகை, மனப்பான்மை போன்ற, இசைத் திறனைச் சாராத காரணங்களுக்கே போகிறது என்பது அதன் முடிவு. கிளேர் மெக்காய் இல்லினாய் மாநிலத்தில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்விலோ, பள்ளி முதல்வர்கள் இசைத் திறனுக்குக் கொடுக்கச் சொன்ன இடத்தைக்கூட இசை ஆசிரியர்கள் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. இசை தெரியாத நிர்வாகி இசையை அளக்கச் சொல்கிறார். இசை ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் புரட்டுகிறார்.

இசையை அளக்க முடியாது என்று இதே ஆசிரியர்கள் சொல்லவும் முடியாது. பள்ளி பேண்டுகளுக்கான முதல் தேசியப் போட்டி 1923இல் சிகாகோவில் நடந்தது. ஒஹாயோவின் ஃபோஸ்டோரியா ஊர்ப் பள்ளி வென்றது. இன்று டெக்சாஸில் யூ.ஐ.எல். என்ற பள்ளிப் போட்டி அமைப்பு நடத்தும் போட்டிகளில் நடுவர்கள் மூவர் தனித்தனியே உட்கார்ந்து, ஒலியின் தரம், சுருதி, தாளம், பாவம் எல்லாவற்றையும் கேட்டு ஒன்று முதல் ஐந்து வரை தரம் போடுகிறார்கள். முன்பின் பார்த்திராத ஓர் உருப்படியைக் கையில் கொடுத்துச் சில நிமிடம் பார்க்கவிட்டு அங்கேயே வாசிக்கச் சொல்கிறார்கள். கறாரான, பெரும்பாலும் நேர்மையான மதிப்பீடு. அத்தனை கூர்மையும் குழுவுக்கு மட்டுமே. குழுவுக்குள் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அங்கே யாரும் தனியே கேட்பதில்லை.

கடைசி வரிசையில் மூன்றாம் கிளாரினெட் வாசிக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அந்தக் கருவியில் கீழ் ஸ்தாயியிலிருந்து மேல் ஸ்தாயிக்குத் தாண்டும் இடம் புதிதாகக் கற்பவர்களுக்குப் பெரிய கண்டம். அநேகமாக ஒரு விரலும் இல்லாமல் திறந்து கிடந்த கருவியின் எல்லாத் துளைகளையும் அடுத்த நொடியில் இரு கை விரல்களும் சேர்ந்து மூட வேண்டும். ஒரு துளையில் காற்று கசிந்தாலும் கீச்சொலிதான். மூன்றாம் கிளாரினெட்டுக்கு எழுதப்படும் பகுதிகளோ பெரும்பாலும் கீழ் ஸ்தாயியிலேயே உலவுகின்றன. ஆகவே அந்த இடத்தைச் சரியாகத் தாண்டக் கற்காமலேயே ஒரு பிள்ளை மூன்று ஆண்டுகளை ஓட்டிவிடலாம். வேகமான இடங்கள் வரும்போது விரலை மட்டும் அசைத்தால் போதும், முன்வரிசை ஒலி மூடிவிடும். நாள் தவறாமல் வருகிறது, சீருடையை மறப்பதில்லை, பென்சில் கொண்டுவருகிறது. மதிப்பெண் ‘ஏ’.

உயர்நிலைப் பள்ளிக்குப் போய், யார் எந்த இருக்கையில் உட்காருவது என்று முடிவுசெய்யும் இருக்கைத் தேர்வில் முதன்முறையாகத் தனியே வாசிக்கும் நாளில்தான் அந்தப் பிள்ளைக்கு உண்மை தெரிகிறது. அதுவரை வாங்கிய எல்லா ‘ஏ’க்களும் பொய் சொல்லியிருக்கின்றன. தனக்கு இசை வராது என்று முடிவுகட்டிக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறது. வராதது இசையல்ல, ஒரே ஒரு விரல் பழக்கம். யாராவது கேட்டிருந்தால் சில வாரங்களில் திருத்தியிருக்கலாம்.

இந்தப் பொய்க்குத் துணை நிற்பது வீட்டுப் பயிற்சித் தாள். வாரத்தில் இத்தனை நிமிடம் வாசித்தேன் என்று பிள்ளை எழுத வேண்டும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும். டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும் இந்தத் தாள் பழக்கமானதுதான். எண்பது நிமிடம் வாசித்து எண்பது என்றே எழுதிய பிள்ளைக்குக் குறைந்த மதிப்பெண். நாற்பது வாசித்து நூற்றைம்பது என்று எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண். இரவு வேலைக்குப் போகும் தாயின் கையெழுத்து கிடைக்காத பிள்ளைக்கு அதுவும் இல்லை. சுவருக்கு அப்பால் குடியிருப்பவர் சத்தம் போடும் அடுக்ககத்தில் டிராம்போன் வாசிக்க முடியாத பிள்ளையும் இதே தாளைத்தான் நிரப்ப வேண்டும். வராத ஒற்றை வரியைப் பத்து நிமிடம் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட வந்த பாட்டையே அரைமணி நேரம் ஊதுவதுதான் இந்தத் தாளின் கணக்கில் இலாபம். பொய்க்குப் பரிசும் உண்மைக்குத் தண்டனையும் தரும் இந்தத் தாளைப் பாடத்திட்டத்தில் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

தனியே கேட்டு மதிப்பெண் போட்டால் வீட்டில் தனிப்பாடம் வைத்துக்கொள்ள வசதியுள்ள பிள்ளைகளே மேலே வருவார்கள் என்பது மறுதரப்பின் வலுவான ஆட்சேபம். அக்கறையிலிருந்து வருவதுதான். ஆனால் வசதியுள்ள பிள்ளையின் தவறைச் சொல்லத் தனி ஆசிரியர் இருக்கிறார். வசதியற்ற பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியரை விட்டால் வேறு காது கிடையாது. அந்த ஒரு காதையும் மூடிக்கொண்டு ‘ஏ’ போடுவதற்குப் பரிவு என்று பெயர் வைப்பதை ஏற்க முடியாது. செப்டம்பரில் பிள்ளை எங்கே இருந்தது, டிசம்பரில் எங்கே வந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பிட்டால் வசதியின் பிடி தளரும்.

டெக்சாஸில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1984இல் வந்த சட்டத்தின்படி, பொதுவாக ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போகும் மாணவர் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டிகளில் பங்கேற்க முடியாது. பேண்டும் ஒரு பாடம். தன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஆசிரியர் உள்ளபடி குறைந்த மதிப்பெண் போட்டால், போட்டி மேடையில் ஆள் குறைவது அவருடைய குழுவில்தான். இந்த நெருக்கடியில் வருகைக்கு அள்ளிக் கொடுப்பது அவருக்கே வசதி.

கணினி மென்பொருள்கள் இப்போது இந்த இடத்தில் நுழைந்திருக்கின்றன. அவை பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, சரியான ஸ்வரத்துக்குப் பச்சையும் தவறானதற்குச் சிவப்பும் காட்டும். ஒலியின் கனிவு, மூச்சின் நீளம், வாசிப்பின் அழகு எதுவும் அவற்றுக்கு எட்டாது. ஆனாலும் தனியாக ஒரு பிள்ளையைக் கேட்கும் காரியத்தையாவது செய்கின்றன. ஆசிரியர்கள் விட்ட இடத்தைத்தான் இயந்திரம் பிடித்துக்கொண்டது.

நேரமில்லை என்பதும் கணக்குப் போட்டால் நிற்காது. அறுபது பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம்; ஒரு பருவத்துக்கு மூன்று வகுப்புகள்கூட ஆகாது. வகுப்பை இழக்க மனமில்லையென்றால் வீட்டில் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லலாம். ஒரு நடுவர் முன் தனியாக வாசித்து, எழுத்தில் குறிப்பு வாங்கும் தனி வாசிப்புப் போட்டிகள் இதே அமெரிக்கப் பள்ளிகளில் நெடுங்காலமாக நடந்து வருகின்றன. விரும்பியவர் மட்டும் போகும் அந்த ஏற்பாட்டை எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டும். மதிப்பெண்ணின் பெரும்பகுதியை அதற்குக் கொடுக்க வேண்டும். வருகைக்குத் தனிக் குறிப்பு போதும்.

பிள்ளையை பேண்டில் சேர்த்திருக்கும் பெற்றோர் அடுத்த ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண்ணைப் பார்த்துத் திருப்திப்பட்டுத் திரும்ப வேண்டாம். இந்தப் பருவத்தில் என் பிள்ளை தனியாக வாசித்ததை நீங்கள் எத்தனை முறை கேட்டீர்கள், என்ன திருத்தம் சொன்னீர்கள் என்று கேளுங்கள்.