தரகு யார் கொடுக்கிறார்கள்?

வியாழக்கிழமை விடிவதற்குள் அய்யலூர் சந்தை கூடிவிடும். ஆடும் கோழியும் கை மாறும் அந்தக் கூட்டத்தில் தரகரும் உண்டு. அவர் யாருக்காகப் பேசுகிறார், தரகை யாரிடம் வாங்குகிறார் என்பது வாங்க வந்தவருக்கும் விற்க வந்தவருக்கும் தெரியும். அதே ஊரிலிருந்து பேருந்து ஏறித் திண்டுக்கல்லுக்கோ திருச்சிக்கோ போய், வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் கன்சல்டன்சியில் உட்காரும் தகப்பனுக்கும் மகளுக்கும் அது தெரிவதில்லை. “எங்க சேவைக்குக் கட்டணமே கிடையாது சார்” என்று அங்கே சொல்வார்கள். மகள் சேர்ந்த பிறகு, அவள் கட்டும் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு பல்கலைக்கழகத்திடமிருந்து அந்த அலுவலகத்துக்குக் கமிஷனாக வந்துசேரும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது இன்று பெருநகரத்து வசதிக்காரர்களின் காரியம் மட்டுமல்ல. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் மட்டும் 3,31,602 இந்திய மாணவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டுதான் இந்தியா சீனாவை முந்தியது. ஆகவே ‘போகலாமா, கூடாதா’ என்ற பட்டிமன்றத்தைவிட, போகும் வழி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

முதலில் அந்த வழியின் நல்ல குணத்தைச் சொல்லிவிட வேண்டும். என்ன மதிப்பெண் வேண்டும், எந்தத் தேர்வு வேண்டும், எந்தத் தேதிக்குள் எதை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. அய்யலூரில் இருந்துகொண்டே கைப்பேசியில் படித்துக்கொள்ளலாம். யாருடைய சிபாரிசுக் கடிதத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைய வேண்டியதில்லை. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் படிப்புக் கட்டணமே இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-இல் கட்டணம் கொண்டுவந்தது. இந்த விதிவிலக்குகளைக் கழித்த பிறகும் மிச்சமிருக்கும் இடங்கள் ஏராளம்.

நோக்க அறிக்கை கேட்பதும் இந்த முறையின் பெரிய பலம். ‘எஸ்.ஓ.பி.’ என்று மாணவர்கள் சொல்லும் அந்த இரண்டு பக்கக் கட்டுரை, மதிப்பெண் பட்டியலில் அடங்காத ஒன்றைச் சொல்ல இடம் தருகிறது. விலை சரிந்த நாளில் பறித்த கூலிக்கும் கட்டாமல் தக்காளி சாலையோரம் கொட்டப்படுவதைப் பார்த்து வளர்ந்த பெண், உணவுப் பதப்படுத்தலை ஏன் படிக்க விரும்புகிறாள் என்பதை நெதர்லாந்தின் வாகனிங்கன் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு எழுத முடியும். அய்யலூர் வனத்தில் தேவாங்கு இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயம் 2022-இல் இங்கேதான் அறிவிக்கப்பட்டது. அந்தக் காட்டோரத்துப் பையனிடம் சூழலியல் துறைக்குச் சொல்ல நேரில் கண்ட செய்தி இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? கன்சல்டன்சியின் கணினியில் இருக்கும் அச்சில் பெயரை மட்டும் மாற்றி, ‘சிறுவயது முதலே எனக்குக் கணினி மீது ஆர்வம்’ என்று தொடங்கும் கட்டுரை போய்ச் சேர்கிறது. மாணவரின் கையில் இருந்த ஒரே சொந்த மூலதனத்தை அது விழுங்கிவிடுகிறது. இதைப் போல வருந்தத்தக்கது இந்த விஷயத்தில் வேறில்லை.

தமிழ் மாணவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயருக்கு முன் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ கட்டம் காலி. வெளிநாட்டு விண்ணப்பப் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யூ.’ என்று அச்சிடுகிறார்கள். முதற்பெயர் அறியப்படவில்லை என்று அதற்குப் பொருள். பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயர் ஒன்று இருக்கையில், அந்தப் பிள்ளை அங்கே வங்கியிலும் ஓட்டுநர் உரிம அலுவலகத்திலும் பெயரில்லாதவளாக நிற்கிறாள். உலகம் முழுவதற்கும் ஒரே பெயர்முறையை அளவுகோலாக வைத்தது படிவம் வடித்தவர்களின் குறை. அவர்கள் திருந்தும்வரை, பிளஸ் டூ முடிக்கும் முன்பே எல்லா ஆவணங்களிலும் பெயரை ஒன்றாக்கிக்கொள்வதுதான் வழி.

அடுத்தது பணம். விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே இழப்பதற்கான பணம் ஒரு பக்கம், காட்டுவதற்கான பணம் ஒரு பக்கம். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வுக்குப் பதினேழாயிரம் ரூபாய்க்கு மேல். மதிப்பெண்ணின் ஆயுள் இரண்டே ஆண்டு. ஜெர்மனிக்கென்றால் 2022 நவம்பர் முதல், கல்வி ஆவணங்களைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம், அதற்கு 18,000. ஆஸ்திரேலிய மாணவர் விசா விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆனது. 2025 ஜூலையில் 2,000. நம் கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது. ஒரு குடும்பத்தின் ஒரு வருட மிச்சம் ஒரு மின்னஞ்சலில் போய்விடும்.

காட்ட வேண்டிய பணம் இன்னும் பெரிது. ஜெர்மனிக்கு, செலவுக்கென்று முன்கூட்டியே முடக்கி வைக்கும் ‘ப்ளாக்டு அக்கவுன்ட்’டில் 11,904 யூரோ, ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். கனடா தன் பங்குக்கு, 10,000 டாலராக இருந்ததை 2024 ஜனவரியில் 20,635 ஆக்கியது. போகிற இடத்தில் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்ற நோக்கம் நியாயமானது. ஆனால் அந்தத் தொகைக்கு அய்யலூர் விவசாயி வங்கிக்குப் போனால் என்ன ஆகிறது? ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். அவரிடம் சொத்து இருக்கிறது: வானம் பார்த்த நான்கு ஏக்கர். வங்கி அதைத் தொடத் தயங்கும். கடன் திரும்பாதபோது நீதிமன்றம் போகாமல் வங்கி அடமானத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டம், தன் 31-ஆவது பிரிவில் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. விவசாயியைக் காக்கும் நல்ல பிரிவு. அதில் கை வைக்கவே கூடாது. ஆனால் அதன் பக்கவிளைவாக, நகரத்தில் ஒரு வீட்டுமனை வைத்திருப்பவரின் மகனுக்குத் திறக்கும் கதவு நிலக்காரரின் மகளுக்குத் திறப்பதில்லை. அவர் அதிக வட்டிக்குத் தனியார் நிதி நிறுவனத்தைத் தேடிப் போகிறார். உள்நாட்டுப் படிப்புக்காக மத்திய அரசு 2024-இல் கொண்டுவந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் வெளிநாட்டுப் படிப்புக்குப் பொருந்தாது. அரசு உத்தரவாதம் தரும் கடன் இங்கே அவசரத் தேவை.

உதவித்தொகை உண்டு. 1913-இல் பரோடா சமஸ்தானத்தின் உதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகம் போன அம்பேத்கரின் பெயரில், தமிழக அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இது பாராட்ட வேண்டிய திட்டம். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள். ஆனால் 2025 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள்: தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் தற்காலிகக் கடிதம் போனது, மற்றவர்களுக்கு நிதி கிடைத்தால் தரப்படும் என்றார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது. அட்மிஷன் கையில் வைத்துக்கொண்டு ஜூலை மாதம் ‘நிதி இருந்தால்’ என்ற வாக்கியத்தைப் படிக்கும் மாணவரின் நிலையை அதை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த இடைவெளிகளில்தான் தரகு வளர்கிறது. எல்லா முகவர்களும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து உதவியவர்களும் இருக்கிறார்கள். கோளாறு ஏற்பாட்டிலேயே இருக்கிறது. படிப்புக் கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் எதிலிருந்து கமிஷன் கொடுக்கும்? கமிஷனில் பிழைக்கும் அலுவலகம் அதை ஏன் பட்டியலின் மேலே வைக்கும்? தேர்வு நடத்துவதிலும் இதே பிணைப்பு உண்டு. இந்தியாவில் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை 2021 முதல் முழுமையாக நடத்தும் ஐ.டி.பி. நிறுவனம், மாணவர்களைப் பல்கலைக்கழகங்களில் சேர்த்துவிடும் தொழிலையும் செய்கிறது. இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஆனாலும் தேர்வு எழுதுகிறவர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஏற்பாடு கெட்டால் எதுவரை போகும் என்பதைக் கனடா 2023-இல் காட்டியது. பெரும்பாலும் பஞ்சாபைச் சேர்ந்த பல நூறு மாணவர்கள், முகவர் கொடுத்த அட்மிஷன் கடிதம் போலி என்று, படித்து முடித்து நிரந்தர வசிப்புரிமை கேட்கும்போதுதான் அறிந்தார்கள். சிலருக்கு நாடுகடத்தும் நோட்டீஸ் வந்தது. அதன் பிறகே, ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே சரிபார்க்கும் முறையை அந்த நாடு அந்த டிசம்பரில் கொண்டுவந்தது.

விண்ணப்ப முறை நல்லது. அதைச் சுற்றிக் கட்டப்பட்ட சந்தை கெட்டது. இதுதான் தீர்ப்பு. நேராக விண்ணப்பிக்க முடிந்தவர்கள் நேராக விண்ணப்பிக்கட்டும். இலவசமாக ஆலோசனை தரும் ஜெர்மனியின் டாட் (DAAD) தகவல் மையமும், அமெரிக்கப் படிப்புக்கான யு.எஸ்.ஐ.இ.எஃப். அலுவலகமும் சென்னையில் இருக்கின்றன; அய்யலூரிலிருந்து அது சுமார் நானூறு கிலோமீட்டர். அந்த வேலையைச் செய்ய ஒரு மேசையும் ஓர் ஆலோசகரும் திண்டுக்கல்லிலேயே வேண்டும். மாவட்ட நிர்வாகம் நினைத்தால் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அடுத்த கல்வியாண்டுக்குள் தொடங்கலாம்.

அதுவரை கன்சல்டன்சிக்குப் போகும் பெற்றோர் ஒன்று செய்யுங்கள். “நீங்கள் சொல்லும் கல்லூரிகளில் எவை உங்களுக்குக் கமிஷன் தருகின்றன?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆஸ்திரேலியக் கல்வி நிறுவனங்கள் தங்கள் முகவர்களின் பட்டியலைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். முன்பணம் கட்டும் முன், அந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.