சிறுவர் விஞ்ஞான நூல்களும் வன்னிக் குளங்களும்: ஒரு திறனாய்வுக் குறிப்பு

சிறுவர்க்கான விஞ்ஞான நூல்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மூன்று விடயங்களையே கருத்திற் கொள்வர்: நடை எளிதா, கலைச்சொல் சரியா, படம் தெளிவா என்பன அவை. இவை வேண்டியனவே. எனினும், ஒரு நூல் சிறுவனின் வாயில் எந்த வினாவை வைக்கின்றது, எந்த வினாவை எழவிடாது தடுக்கின்றது என்பதை ஆராயாத திறனாய்வு புறத்தோற்றத்தோடு நின்றுவிடுகின்றது. மனிதன் உழைப்பினால் இயற்கையை மாற்றும் முறைபற்றிய ஒரு கருத்துநிலை இந்நூல்கள் அனைத்திலும் உள்ளது. அது வெளிப்படையாகக் கூறப்படாதபோதே அதன் செல்வாக்கு அதிகமாகும்.

மொழிச் சிக்கலை முதலில் ஒதுக்கிவிடலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீனின் முயற்சியால், அமெரிக்கப் பாடசாலைகளிற் பயிலப்பட்ட உடலியல் நூலொன்று 1852இலேயே 'அங்காதிபாதம்' எனத் தமிழாயிற்று. விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லவியலுமா என்ற ஐயம் ஈழத்தில் அன்றே தீர்ந்துவிட்டது. தமிழகத்து நூலில் 'இயற்பியல்', 'அழுத்தம்' என வருபவை எமது பாடநூலிற் 'பௌதிகவியல்', 'அமுக்கம்' என வருவது இடறல்தான். ஆயின் ஆசிரியர் ஒரு வாக்கியத்தால் அதனைக் கடந்துவிடலாம். எமது அறிஞர்கள் இதற்குச் செலவிட்ட மையின் அளவு சற்று மிகையானது.

சோவியத் நூல்கள் இத்துறையில் ஒரு தலைமுறையை உருவாக்கின. பெரல்மனின் 'பொழுதுபோக்குப் பௌதிகம்', இலினும் செகாலும் மனிதன் பேராற்றல் பெற்ற வரலாற்றைக் கூறிய நூல் ஆகியன தமிழிலும் வெளிவந்தன. இவர்களுள் இலினே எமக்கு இங்கு முக்கியமானவர். 1929இல் அவர் எழுதிய 'நூறாயிரம் ஏன்கள்' ஓர் அறைக்குள்ளேயே நிகழும் பயணம். தண்ணீர்க் குழாயிற் தொடங்கி, அடுப்பு, சமையற்றட்டு எனச் சென்று உடையலமாரியில் முடிகின்றது. நாள்தோறும் கைபடும் பொருளை வினாவுக்குரிய பொருளாக மாற்றியமையே அவரது சாதனை.

வன்னிச் சிறுவனுக்கு அந்தக் குழாய் எங்கே என்று கேட்கப்படலாம். குழாய்க்குப் பதிலாகத் துலாவை வரைந்து, பையனுக்கு ஊர்ப்பெயர் சூட்டிவிட்டால் நூல் நம்முடையதாகிவிடும் என்பதே பலரது விடை. இது பெயர்மாற்றமேயன்றிச் சூழலின் வெளிப்பாடன்று. இலினைப் பின்பற்றுவதாயின் அவரது முறையையே கைக்கொள்ளவேண்டும். இங்குள்ள பொருளிலிருந்து, அதாவது குளத்திலிருந்து, தொடங்கவேண்டும்.

இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். 1902இல் வேலை தொடங்கி ஏறத்தாழ இருபதாண்டுகளிற் கட்டப்பட்டு, பின்னர் பலமுறை உயர்த்தப்பட்ட குளம் இது. கனகராயன் ஆற்றைத் தேக்கி 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீரூட்டுகின்றது. குளக்கட்டின் அடி ஏன் அகன்றிருக்கின்றது? ஆழம் கூடக்கூட நீரின் அமுக்கமும் கூடும். பத்து மீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கம் சேரும். துருசைத் திறந்ததும் நீர் ஏன் பீறிடுகின்றது, வான் ஏன் வேண்டும் என்பனவும் இதே வழியில் விளங்கும். நல்ல ஆசிரியரொருவர் இவற்றைப் பத்துப் பக்கங்களிற் சொல்லிவிடுவார். வழமையான நூல் அவ்விடத்திலேயே முடிந்தும்விடும்.

ஆனால் 'இம்முறை எங்கள் வயலுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?' என்று சிறுவன் கேட்டால், புவியீர்ப்பு மட்டும் விடையாகாது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பது குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே தீர்மானிக்கப்படுகின்றது. காணிக்கே பங்கு உண்டு. 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து, பிறர் வயலிற் கூலிக்கு உழைத்த குடும்பங்களின் பிள்ளைகளும் அதே வாய்க்காலிற் குளித்தார்கள். வயற்காணி அற்றவர்க்கு அப்பங்கில் இடமில்லை. அமுக்கவிதியும் பங்குவிதியும் ஒரே துருசிற் சந்திக்கின்றன.

இலினின் குழாயும் இங்கு வேறு வழியால் வந்து சேர்ந்தது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவி பெற்ற நீர்வழங்கல் திட்டம், இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லக் கருதியது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். ஈற்றில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது. உயர் அமுக்கத்தில் உப்புநீரை நுண்சவ்வினூடாகச் செலுத்தும் அவ்வியந்திரத்தை அற்புதமென்று மட்டும் வருணிக்கும் நூல், அது அங்கு ஏன் நிறுவப்பட்டது என்பதை மறைத்துவிடும். குடிநீர் கேட்ட தீவகத்தாரும் வயல்நீர் காத்த வன்னியாரும் நியாயமற்றவர்கள் அல்லர்.

சிறுவர் நூல் துண்டுப்பிரசுரமாகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதற்குரிய சான்றும் இலினிடமே உண்டு. ஐந்தாண்டுத் திட்டத்தைச் சிறுவர்க்கு விளக்கி 1930இல் அவர் எழுதிய நூலில் அணைகள் எழுகின்றன, ஆலைகள் இயங்குகின்றன. திட்டத்தோடு முரண்படும் குரலுக்கு அங்கு இடமில்லை. முற்போக்கு எழுத்தென்பதற்காக இக்குறையை நாம் மூடிமறைத்தல் தகாது. முரண்பாட்டை விலக்கிய இயங்கியல் வெறும் புகழுரையே. தாளையடியின் கதையைச் சொல்பவர் இருதரப்பு நியாயத்தையும் சிறுவர்முன் வைத்தல் வேண்டும்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் எழுதப்படாத ஒரு நூலே. ஆனையிறவு உப்பை நீரிற் கரைத்து மின்பகுத்தால் கோஸ்ரிக் சோடா, குளோரின், ஐதரசன் ஆகியன கிடைக்கும். இச்சமன்பாட்டை மனனஞ் செய்த மாணவர் பலர், அது தம் மாவட்டத்திலேயே 1950களிலிருந்து போர் அதனை நிறுத்தும்வரை நிகழ்ந்ததென்பதை அறியார்.

2018 டிசம்பர் வெள்ளத்தின்போது, இரணைமடுவின் வான்கதவுகள் உரிய வேளையிற் திறக்கப்பட்டனவா என்ற வாதம் கிளிநொச்சியில் எழுந்தது. வரும் நீர் எவ்வளவு, கொள்ளளவில் எஞ்சியது எவ்வளவு, கதவை முன்னரே திறந்து மழை பொய்த்தால் சிறுபோகம் என்னாகும் என்பனவே அவ்வாதத்தின் உள்ளடக்கம். கணிதமும் பொறுப்பும் பிரிக்கவியலாதவாறு அதிற் பின்னியிருந்தன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் 2014 முதல் கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்குகின்றது. குளமும் அதே மாவட்டத்திலேயே உள்ளது. வெள்ளம் வீட்டுக்குள் வந்த பத்து வயதுப் பிள்ளைக்காக, அந்த இரவின் கணக்கை முப்பது பக்கங்களில் எழுதுவோர் அங்கிருந்தே வரலாம்.